ஆறடிக் கண்ணாடி

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜை இடிக்கிறார்கள் என்று
குட்டியானை ஓட்டுகிற லுக்மான்தான் சொன்னான்.
வரவேற்பறையில் நின்ற மீன்தொட்டி.
ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.
நாலாயிரம் என்றவர்
பணம் எண்ணிய என் விரல்களைப் பார்த்துவிட்டு
மூவாயிரம் போதும் என்றார்.

பாசி எடுக்கிற விரல்கள்.
துணி சுற்றிக்கொண்டு முங்கினாலும்
பாறை தன் கணக்கை எழுதாமல் விடாது.

பாலத்தில் காற்று ஏறி அடித்தது.
பழைய மெத்தைமேல் தொட்டி,
அதைக் கட்டிப்பிடித்தபடி நான்.
தடைக்காலம்.
கட்டிக்கிடந்த போட்டுகளும் குந்துகால் பக்கத்து நீலமும்
கண்ணாடிக்குள் ஏறி
கூடவே பாம்பன் வரைக்கும் வந்தன.

நாலு பேர் இறக்கினார்கள்.
"தினம் ஆறு மணி நேரம் கடல்ல கெடக்குற,
வீட்டுக்கும் ஒண்ணு வாங்கியாந்துட்டியாக்கும்"
என்றாள் பஞ்சவர்ணம்.
அவர் மங்களூருக்குப் போட்டில் போயிருக்கிறார்.
போனில் மழை உண்டா என்று கேட்டேன்,
சாப்பாடு எப்படி என்று கேட்டேன்,
இதைச் சொல்லவில்லை.

உள்ளே சரளைக்கல், செத்த பல்லி,
காற்றுக்குழாய் அறுந்த ஒரு பிளாஸ்டிக் முங்காளி.
அவனுக்கு முதுகில் உருளை, காலில் துடுப்பு.
எனக்குத் தகரத் தட்டைக் கயிற்றால் கட்டிய செருப்பு,
அவருடைய பழைய சட்டை.
கழுவி ஜன்னலில் வைத்தேன்.

பிளேடால் பழைய பசையைச் சுரண்ட நாலு நாள்.
வெள்ளைக் கறைக்கு எலுமிச்சை, பிறகு வினிகர்,
பிறகு வெறும் கை.
'கண்ணாடியைத் தட்டாதீர்கள்' என்று ஒரு ஸ்டிக்கர்.
'தட்டா' மட்டும் உரிந்து வந்தது,
மீதி வரவில்லை.
புதுப் பசை ராமநாதபுரத்தில் வாங்கியது.
வீடெல்லாம் காடி நாற்றம்.

எங்கள் கிணற்றில் உப்பு.
டிராக்டர் தண்ணீர், குடம் பத்து ரூபாய்,
நாற்பத்தைந்து குடம்.
நூறடியில் கடல் கிடக்க
காசு கொடுத்து ஊற்றினேன், கை நடுங்க.

ராத்திரி பின்மூலையில்
எறும்புச்சாரை மாதிரி ஓர் ஈரம்
இறங்கிக்கொண்டிருந்தது.
விரலை வைத்தேன். விரலைச் சுற்றிக்கொண்டு இறங்கியது.

விடிந்ததும் தெருவே குடத்தோடு வந்தது.
வாங்கிய தண்ணீரை யாரும் மண்ணுக்கு விடுவதில்லை.
அன்று சின்னப்பாலத்துக் கொடிகளில்
உப்புப் பூக்காத துணி காய்ந்தது.
பஞ்சவர்ணத்தின் மகள்
பாவாடையை முகத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

மறுபடி பிளேடு. மறுபடி பசை.
இந்தத் தடவை ஏழு நாள் தொடவில்லை.
மறுபடி நாற்பத்தைந்து,
அதில் இருபது கடன்.
அடியில் விரித்த பேப்பர்
மூன்று நாளும் மொறுமொறுவென்றே இருந்தது.

தீவுப்பக்கத்து மீன் வேண்டாம்.
ஃபாரஸ்ட்காரன் பாசிச் சாக்கையே பிரித்துப் பார்ப்பவன்.
பஸ் ஸ்டாண்டு கடையில் பன்னிரண்டு கப்பி,
கறுப்பு மோலி இரண்டு.
ஆறடியில் அதுகள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

கடலில் நான் மீனைப் பார்த்ததில்லையா?
பார்த்திருக்கிறேன்.
முகக்கண்ணாடிக்குள், ஒரு மூச்சு நீளத்துக்கு.
கை பாசியில் இருக்கும், நெஞ்சு மேலே போகச் சொல்லும்,
ஒரு கிளிமீன் திரும்பும்.
திரும்பி என்ன செய்தது என்று
இருபது வருசமாகத் தெரியாது.

லைட்டைப் போட்டுவிட்டு
தரையில் உட்கார்ந்து நெற்றியைக் கண்ணாடியில் வைத்தேன்.
மோலி ஒன்று திரும்பியது.
திரும்பி,
ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றது.
வாயைத் திறந்தது, மூடியது.
இவ்வளவுதானா என்று இருந்தது.
இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றும்.

வாசலில் கடன் குடத்துக்கு வந்து நின்ற பஞ்சவர்ணம்
எவ்வளவு நேரம் பார்த்தாளோ,
உள்ளே வந்து தோளை உலுக்கினாள்.
"ஏ நாகு,
மூச்ச விடுடி."